ஓலைக்கால் சீலைக்கால்

புதுச்சேரி நகரில் மாலை ஐந்து மணிக்குமேல் சற்றே உலாவி வருவோர்க்கு ஒரு காட்சி பழகிப்போன ஒன்று. பள்ளித் திடலிலோ, திருமணக் கூடத்தின் மாடியிலோ, உப்பளம் பகுதியின் விளையாட்டு வெளிகளிலோ வெள்ளுடை தரித்த சிறுவரும் சிறுமியரும் வரிசையாக நிற்பர். ஆசான் ஜப்பானிய மொழியில் ‘இச், நி, சான்’ என்று எண்ண எண்ண, எண்ணுக்கு ஓரடி முன்வைத்து ஒரு குத்து விடுவர். நாற்பது கைகள் ஒருசேர நீளும். நாற்பத்தோராவது கை மட்டும் அரை நொடி பிந்தி நீளும். நீண்டதும் தவறான கையாக இருக்கும். பக்கத்தில் நிற்பவன் சிரிப்பான். சுற்றுச்சுவரின்மேல் அமர்ந்திருக்கும் பெற்றோரும் சிரிப்பர். சில இடங்களில் ஆசானே சிரிப்பார். மூன்று திங்கள் கழித்து அவ்வரிசையை எண்ணிப் பார்த்தால் நாற்பது பேரே இருப்பர்.

அந்த நாற்பத்தோராவது மாணாக்கனைப் பற்றியதே இக்கட்டுரை. அவன் வலிவு குன்றியவன் அல்லன். அறிவில் குறைந்தவனும் அல்லன். கையும் காலும் கண்ணும் ஒன்றையொன்று அறிந்து ஒரே கணத்தில் இயங்கும் ஒத்திசைவு அவனுக்கு இன்னும் கூடிவரவில்லை, அவ்வளவே. ஆனால் நம் வீடுகளிலும் வகுப்புகளிலும் அவனைக் குறித்து வழங்கப்படும் தீர்ப்பு என்ன? ‘இவனுக்கு இது வராது’ என்பதே. அத்தீர்ப்பு பிழையானது என்பதும், அதனைக் கராத்தே என்னும் கலையின் வரலாறே மறுத்துரைக்கிறது என்பதும் என் துணிபு.

கராத்தே என்ற சொல் காதில் விழுந்தவுடன் நம்மவர் உள்ளத்தில் எழுவது ஓடு உடைக்கும் காட்சிதான். 1973-ஆம் ஆண்டு வெளிவந்த ‘என்டர் தி டிராகன்’ திரைப்படம் நம் நாட்டு இளைஞர் பலரைக் கவர்ந்தது. புரூஸ் லீ பயின்றது சீனத்துக் குங்பூ மரபு. அவரைப் பார்த்துவிட்டு ஜப்பானியக் கராத்தேயைக் கற்க ஓடியவர்கள் பலர். இதில் நகைக்க ஒன்றுமில்லை. கம்பனைப் படித்துவிட்டுப் புதுக்கவிதை எழுதப் புகுந்தோர் நம் துறையிலும் உண்டு. திரையில் கண்ட பறக்கும் உதையை நெஞ்சில் சுமந்துகொண்டு வகுப்பிற்கு வருபவனை முதல்நாள் எதிர்கொள்வது ஒரே ஓர் அடிதான். அந்த ஓர் அடியில்தான் அவன் தடுமாறுகிறான்.

அவ்வடியை நின்று நோக்குவோம். ‘ஒய்சுகி’ என்பர், அடியெடுத்து வைத்துக் குத்துதல் என்பது பொருள். பின்னிருக்கும் கால் உள்நோக்கி வளைந்து, நிற்கும் காலின் அருகே வந்து, பின்னர் வெளிநோக்கி வளைந்து முன்னே பதிய வேண்டும். பாதத்தின் தடம் பிறைபோல் அமையும். முன் முழங்கால் மடங்க வேண்டும். பின் குதிகால் தரையைவிட்டு எழலாகாது. தலை மேலும் கீழும் ஆடாமல் ஒரே உயரத்தில் செல்ல வேண்டும். கால் பதியும் அதே கணத்தில் குத்தும் கை நீள வேண்டும். நீண்டு முடியும் இடத்தில் முட்டி உள்நோக்கித் திரும்ப வேண்டும். மற்றொரு கை அதே விரைவில் பின்வாங்கி, உள்ளங்கை மேல்நோக்கிய நிலையில் இடுப்பருகே வந்து நிற்க வேண்டும். இதனை ‘ஹிக்கித்தே’ என்பர். மூச்சு வெளியே செல்ல வேண்டும். பார்வை எதிரே நிலைக்க வேண்டும். இத்தனையும் ஓர் எண்ணிக்கைக்குள்!

இவற்றுள் ஒன்று பலர் கவனிக்காதது. நாம் தெருவில் நடக்கும்போது வலக்கால் முன்செல்ல இடக்கை முன்வீசும், இடக்காலுக்கு வலக்கை. பிறந்து ஓராண்டு கழிந்தது முதல் தத்தித் தத்தி நாம் ஈட்டிய செல்வம் இந்த நடை. ஒய்சுகியிலோ வலக்கால் முன்செல்லும்போது வலக்கையே முன்செல்ல வேண்டும். ஆகவே, தவறான கையை நீட்டும் மாணாக்கனின் உடல் உண்மையில் தவறு செய்யவில்லை; அது தனக்கு நன்றாகத் தெரிந்த ஒன்றைச் செய்கிறது. பதினைந்து ஆண்டுகளாக நடந்து பழகியதை ஒரு மாலைப் பொழுதில் மாற்றிக்கொள் என்றால் உடல் எவ்வாறு உடன்படும்? ஒளவையார் பெயரில் வழங்கும் தனிப்பாடல் ஒன்று ஓவியத்தையும் தமிழையும் கல்வியையும் பழக்கத்தின் கணக்கில் எழுதி, நடையையும் அவற்றோடு சேர்த்துவிடுகிறது. நட்பும் அருளும் ஈகையும் மட்டுமே பிறவியில் வருவன என்கிறது. ‘நடை’ என்பதற்கு உரையாசிரியர் ஒழுக்கம் என்று பொருள் கொள்வர். காலால் நடக்கும் நடை என்று கொண்டாலும் பாட்டு கெட்டுவிடாது. எதைப் பிறவிக் குணம் என்று விட்டுவிடலாம், எதைப் பழக்கத்தால் மாற்றலாம் என்னும் பகுப்பைக் கராத்தே வகுப்பின் வாயிலில் நிற்கும் நம் பெற்றோர் தலைகீழாகப் புரிந்து வைத்திருக்கின்றனர் என்பதே என் குறை.

உடலியல் அறிஞர்களும் இதனை ஆராயாமல் விட்டிலர். கண்ணை மூடிக்கொண்டாலும் நம் கை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரிகிறதே, அவ்வுணர்விற்கு 1906-இல் ஷெரிங்டன் என்னும் ஆங்கில அறிஞர் தனிப்பெயர் சூட்டினார். தன்னிலை உணர்வு என்று தமிழில் சொல்லலாம். தசைகளிலும் மூட்டுகளிலும் தசைநாண்களிலும் உள்ள நுண்ணுறுப்புகள் அனுப்பும் செய்தி அது. புதிய அசைவொன்றைக் கற்பவனிடம் இச்செய்தி வந்துகொண்டுதான் இருக்கும். அதனைப் படிக்க அவன் இன்னும் கற்கவில்லை. எனவேதான் அவன் அடிக்கடி குனிந்து தன் காலைப் பார்க்கிறான். ‘கீழே பார்க்காதே’ என்று அதட்டுவது எளிது. கண்ணை எடுத்துவிட்டால் அவனுக்கு வேறு துணை எது?

உருசிய நாட்டு அறிஞர் பெர்ன்ஷ்டைன் 1920-களில் மாஸ்கோவில் தொழிலாளர்கள் சுத்தியல் அடிப்பதைத் தொடர் ஒளிப்படங்களாக எடுத்து ஆராய்ந்தார். தோள் முதல் மணிக்கட்டு வரையில் நம் கை ஏழு வகையாக அசைய வல்லது. கைதேர்ந்த தொழிலாளியின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் சரியான இடத்தில் விழுந்தது; ஆயின் அவனுடைய தோளும் முழங்கையும் ஒவ்வொரு முறையும் சிறிது சிறிதாக வேறுபட்டே அசைந்தன. ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுசெய்தது. இத்தனை மூட்டுகளையும் ஒருங்கே ஆள்வது எப்படி என்பதே கற்பவனின் இடர் என்றும், தொடக்கத்தில் அவன் சில மூட்டுகளை இறுக்கிப் பூட்டிக்கொள்வதன் மூலம் அச்சுமையைக் குறைத்துக்கொள்கிறான் என்றும் அவர் விளக்கினார். புதிதாகக் கராத்தே கற்பவன் மரப்பாவைபோல் விறைத்து நிற்பதன் காரணம் இதுவே. மிதிவண்டி பழகும் சிறுவன் கைப்பிடியை நெரித்துப் பிடிப்பதும் இதனால்தான். விறைப்பு என்பது கற்றலின் முதற்படி. அதனை மந்தத்தனம் என்று பெயரிட்டு அழைப்பது கற்பிப்பவனின் அறியாமை.

மற்றொரு செய்தி இதனினும் வியப்பானது. 1953-இல் வலிப்பு நோய்க்காக மூளையில் அறுவை செய்யப்பட்ட ஹென்றி மொலைசன் என்னும் அமெரிக்கருக்கு, அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் நினைவில் தங்கவில்லை. பிரெண்டா மில்னர் என்னும் கனடா நாட்டு உளவியல் அறிஞர், கண்ணாடியில் மட்டும் தன் கையைப் பார்த்துக்கொண்டு விண்மீன் வடிவமொன்றைக் கோடு பிசகாமல் வரையும் பயிற்சியை அவருக்கு மூன்று நாள் தந்தார். ஒவ்வொரு நாளும் அவர், ‘இதற்குமுன் இதனைச் செய்ததே இல்லை’ என்ற நிலையில்தான் தொடங்கினார். ஆயினும் நாளுக்கு நாள் பிழை குறைந்தது, கை கற்றுக்கொண்டுவிட்டது! 1962-இல் வெளியான இவ்வாய்வு, உடல் கற்கும் கல்விக்குத் தனிக் கணக்கேடு உண்டு என்பதை நிலைநாட்டியது. நம் மாணாக்கர் பலர் ‘நேற்றுச் சொன்னது எல்லாம் மறந்துவிட்டது, ஐயா’ என்று வருந்துவர். மறந்தது நெஞ்சு. கால் சிறிதளவேனும் எழுதி வைத்திருக்கும்.

இனிக் கராத்தேயின் பிறப்பிடத்திற்குச் செல்வோம். ஒகினாவாத் தீவில் இக்கலை பழங்காலத்தில் பெரும்பாலும் ஓர் ஆசான், ஓரிரு மாணவர் என்ற அளவிலேயே நிகழ்ந்தது. இக்கலையை ஜப்பானின் பெருநிலத்திற்குக் கொண்டு சென்றவருள் முதன்மையானவர் புனகோஷி கிச்சின். 1922-இல் டோக்கியோவில் இதனைச் செய்து காட்டினார். தொழிலால் அவர் பள்ளியாசிரியர். பிறக்கும்போதே நலிந்த உடலினர். நீடித்து வாழ்வாரா என்று உற்றார் ஐயுற்ற பிள்ளை. இரவு வேளையில் ஆசான் அசாத்தோவின் வீட்டு முற்றத்தில் ஒரே ‘கத்தா’வை வாரக்கணக்கில், சிலபோது மாதக்கணக்கில் திரும்பத் திரும்பச் செய்ததாக அவரே எழுதி வைத்துள்ளார். கத்தா என்பது கற்பனை எதிரியோடு பொருதும் அசைவுகளின் கோவை. மூன்று கத்தாக்களைக் கற்க அவருக்குப் பத்தாண்டுகள் ஆயின. பத்தாண்டு! நம் ஊர்களில் பத்தாண்டுக்குள் ஒருவன் கறுப்புப் பட்டை வாங்கி, தனி வகுப்புத் தொடங்கி, பிறர்க்குப் பட்டை வழங்கவும் தொடங்கிவிடுகிறான்.

அவருடைய மற்றோர் ஆசான் இத்தோசு அங்கோ. 1901-ஆம் ஆண்டு வாக்கில் கராத்தேயை ஒகினாவாவின் பள்ளிக்கூடத்திற்குள் கொண்டுவந்தவர் அவர். பழைய கத்தாக்கள் நீளமானவை, சிக்கலானவை. சிறுவர்க்கு அவை பொருந்தா என்று கண்டு, ‘பினான்’ என்ற பெயரில் ஐந்து சிறிய கத்தாக்களை அமைத்தார். அவற்றையே பின்னாளில் புனகோஷி ‘ஹெய்யான்’ என்று பெயர் மாற்றி வழங்கினார். இன்று புதுச்சேரியில் வெள்ளைப் பட்டையோடு நிற்கும் சிறுவன் தடுமாறும் ‘ஹெய்யான் ஷோதான்’ அவ்வழி வந்ததே. இந்த இடத்தில் நம் ஆசான்மார் ஒரு கணம் நிற்க வேண்டும். தம் கலையின் தலைமுறையில் மிகப் பெரியவர் ஒருவர், ‘மாணவனுக்கு வரவில்லை’ என்று கண்டபோது மாணவனை வெளியே அனுப்பவில்லை. கலையை உடைத்துச் சிறிதாக்கி அவன் கையில் கொடுத்தார். தொடக்க நிலையோர்க்காகக் கலையைத் தாழ்த்தினால் அதன் தூய்மை கெடும் என்போர், தாம் நாள்தோறும் கற்பிக்கும் முதல் கத்தாவே அவ்வாறு பிறந்தது என்பதை மறந்துவிடுகின்றனர்.

ஆனால் பள்ளிக்கூடத்தில் நுழைந்தபோது கலையோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது: வரிசையும் எண்ணிக்கையும். ஐம்பது அறுபது பேருக்கு ஒருவரே கற்பிக்க வேண்டுமாயின் படைவீரரைப்போல் நிறுத்தி எண்ணுவது தவிர வேறு வழியில்லை. அக்காலத்து ஜப்பானியப் பள்ளிகளில் படைப்பயிற்சியை ஒத்த உடற்பயிற்சி ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது.

எண்ணிக்கைக்கு அடியெடுத்து வைக்கும் இம்முறை நம் புதுச்சேரிக்கும் புதிதன்று. இந்திய வீரர்களை ஐரோப்பிய முறையில் அணிவகுத்துப் பயிற்றுவித்ததில் முந்திக்கொண்டவர் பிரெஞ்சுக்காரர். 1746-இல், துய்ப்ளே ஆளுநராக இருந்த காலத்தில், பிரெஞ்சு வீரரும் இந்தியச் சிப்பாய்களுமாக ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட சிறுபடை, அடையாற்றங்கரையில் ஆர்க்காட்டு நவாபின் பெரும்படையைச் சிதறடித்தது. சேர்ந்து அடிவைத்து, சேர்ந்து சுடும் பழக்கமே அவ்வெற்றிக்கு ஒரு பெருங்காரணம் என்பர் வரலாற்றாசிரியர்.

அத்தகைய அணிவகுப்புகளில் வலம் இடம் அறியாத நாட்டுப்புறத்து இளைஞர்க்கு அடிவைக்கக் கற்பிக்க, ஒரு காலில் பனையோலையும் மறுகாலில் சீலைத் துணியும் கட்டி, ‘ஓலைக்கால், சீலைக்கால்’ என்று எண்ணினார்களாம். நம் தாத்தாமார் சிரித்துக்கொண்டே சொல்லிய கதை அது. அறியாதவனைக் கேலி செய்யும் கதையாகவே நாம் அதனைக் கேட்டு வந்திருக்கிறோம். எனக்கோ அந்தப் பெயரறியாப் பயிற்சியாளன் நல்லாசிரியனாகத் தோன்றுகிறான். வலம், இடம் என்னும் சொற்கள் மாணாக்கனுக்குப் பிடிபடவில்லை என்று கண்டான். அவன் நன்கறிந்த ஓலையையும் துணியையும் கொண்டுவந்தான். தோலில் உரசும் ஓலை, கண்ணைக் காட்டிலும் விரைவாகக் காலை அறிவிக்கும். ஷெரிங்டன் பெயர் சூட்டுவதற்கு முன்பே தன்னிலை உணர்வுக்கு ஓலை கட்டிய பெருமகன் அவன்!

இன்றைய கராத்தே வகுப்பில் ஓலைக்கும் சீலைக்கும் ஈடாக எதனைச் செய்யலாம்? எளியவை பல உள. ஆசான் மாணாக்கரைப் பார்த்து நின்று வலக்கையை நீட்டினால், எதிரே நிற்பவனுக்கு அது தன் இடப்பக்கத்தில் தோன்றும்; பாதிக் குழப்பம் அங்கேதான் பிறக்கிறது. கற்பிக்கும் பொழுதாவது மாணாக்கர்க்கு முதுகு காட்டி நிற்கலாம். நம் சிலம்பக் கூடங்களில் கம்பைக் கையில் கொடுப்பதற்கு முன் காலடி வரிசையைப் பழக்குவர். கால் நிலைத்தபின் கம்பு வரும். அதுபோல் முதல் சில வாரங்கள் கைகளை இடுப்பில் ஊன்றிக்கொண்டு காலை மட்டும் பழக்கலாம். பின்னர் நின்ற இடத்தில் கையை மட்டும். இரண்டும் தனித்தனியே உறங்கப் போனபின் சேர்க்கலாம். ‘உறங்கப் போனபின்’ என்பது வெறும் சொல்லணி அன்று. விரல்களால் ஒரு வரிசைமுறையில் தட்டும் பயிற்சி பெற்றவர்கள், இடையில் வேறு பயிற்சி எதுவுமின்றி ஓர் இரவு உறங்கி எழுந்ததும் முன்னைவிட விரைவாகச் செய்தனர் என்பதை 2002-இல் வெளியான ஆய்வு காட்டியது. வாரத்திற்கு ஒரு நாள் மூன்று மணி நேரம் வாட்டுவதைவிட, நாள்தோறும் கால் மணி நேரம் பழகுவது மேல் என்பது இதனால் பெறப்படும்.

சொல்லும் முறையிலும் கருத்து வேண்டும். ‘முழங்கையை உள்ளே கொண்டுவா, இடுப்பைத் திருப்பு, குதிகாலை அழுத்து’ என்று உறுப்புகளின் பெயரை அடுக்கினால் மாணாக்கன் குழம்புவான். 1998-இல் பனிச்சறுக்குப் பயிற்சிப் பொறி ஒன்றைக் கொண்டு கேப்ரியேல் வுல்ஃப் என்பவரும் உடன் ஆய்வாளரும் சோதித்தனர். தம் பாதத்தில் கவனம் வைத்தவரைக் காட்டிலும், பாதத்தின்கீழ் உருளும் சக்கரங்களில் கவனம் வைத்தவரே நன்கு கற்றனர். ‘எதிரே தொங்கும் தாளைத் தொடு’, ‘பின்னே நிற்பவனை முழங்கையால் இடி’ என்று சொன்னால் கை தானே வழி கண்டுகொள்ளும். 1984-இல் வெளியான ‘கராத்தே கிட்’ படத்தில் முதியவர் சிறுவனை மகிழுந்து துடைக்கச் சொல்லித் தடுப்பு முறையைக் கற்பிப்பார் அல்லவா? அது திரைக்கதைதான், ஆனால் அதை எழுதியவர்க்கு உடலின் இயல்பு தெரிந்திருக்கிறது.

ஹெய்யான் ஷோதானில் ஓர் இடம் உண்டு. மூன்று முறை மேல்தடுப்புச் செய்து முன்னேறி, மூன்றாவதில் உரத்துக் குரலெழுப்பியபின், முக்கால் சுற்றுத் திரும்ப வேண்டும். வரிசையில் நிற்போருள் எவன் எப்பக்கம் திரும்புவான் என்பது ஆசானுக்கே தெரியாது! இருவர் முகத்தோடு முகம் மோதிக்கொள்வதும் உண்டு. இதனை எண்ணிக்கை சொல்லிக் கற்பிப்பதில் பயனில்லை. மணலில் கற்பிக்கலாம். புதுச்சேரியில் துறைமுகக் கட்டுமானத்திற்குப்பின் அரித்துப் போயிருந்த கடற்கரையில், 2018-ஆம் ஆண்டு தொடங்கிக் கடலினுள் அமைக்கப்பட்ட செயற்கைப் பாறைத்திட்டின் பயனாகத் தலைமைச் செயலகத்தின் எதிரே மீண்டும் மணல் சேர்ந்தது. அலைக்கு எட்டாத தொலைவில் நின்று அங்கே ஒரு முறை திரும்பிப் பார்த்தால், எந்தக் கால் எவ்வளவு நகர்ந்தது என்பதைத் தடமே காட்டிவிடும். காலடித் தடத்தை நம் முன்னோர் ‘சுவடு’ என்றனர். சிலம்பத்தார் கால் வைக்கும் முறைக்கும் அச்சொல்லையே ஆளுகின்றனர். பாடத்தை எழுதிய ஓலைக்கும் ‘சுவடி’ என்று பெயரிட்ட மொழி நம்முடையது.

பட்டைத் தேர்வுகளைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் இருக்க இயலவில்லை. படிநிலையும் கறுப்புப் பட்டையும் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ 1880-களில் வகுத்த ஏற்பாடு. கராத்தேயில் முதற் கறுப்புப் பட்டைகளைப் புனகோஷி வழங்கியது 1924-இல். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்னும் வண்ண வரிசையோ ஐரோப்பாவில் செழித்தது. 1935-இல் பாரிஸ் சென்ற ஜூடோ ஆசான் கவாய்ஷி அதனைப் பிரான்சு நாட்டில் பரப்பினார். நீண்ட காலம் பொறுத்திருக்கும் வழக்கம் ஐரோப்பிய மாணவர்க்கு இல்லை. ஆதலின் இடையிடையே கண்ணுக்குத் தெரியும் பரிசு ஒன்று வேண்டியிருந்தது. பயனுள்ள ஏற்பாடே, அதனைக் குறை கூறேன். ஆனால் நம்மிடையே அது வேறு வடிவம் கொண்டுவிட்டது. மூன்று திங்களுக்கு ஒரு தேர்வு, தேர்வுக்கு ஒரு கட்டணம், கட்டணம் செலுத்திய அனைவர்க்கும் ஒரு நிறம் என்று சில இடங்களில் நடைபெறுவதைக் காண்கிறோம். இதனால் ஒத்திசைவு வாய்க்காத மாணாக்கனுக்கு இருவகைத் தீங்கு. நேர்மையான ஆசானிடம் அவன் தன் அகவையொத்தோர்க்கு முன்னே தோற்று நிற்கிறான்; நேர்மையற்ற ஆசானிடம் கல்லாமலே வென்றுவிடுகிறான். இரண்டாவதே கொடிது என்பேன். முதல் ஓராண்டிற்குப் பட்டைத் தேர்வே வேண்டா. இத்தோசு 1908-இல் ஒகினாவாக் கல்வித் துறைக்கு எழுதிய மடலில் உடலில் மாற்றம் காண மூன்று நான்கு ஆண்டுக் கணக்கில்தான் பேசினார். மூன்று திங்கள் கணக்கில் பேசவில்லை.

இதற்கு மறுப்பு வரும் என்பதை அறிவேன். ‘கராத்தே போர்க்கலை, கடுமை இன்றி அது இல்லை. தடுமாறுபவனை மடியில் வைத்துத் தாலாட்டினால் தெருவில் அடிபடுவான்’ என்று மூத்த ஆசான் ஒருவர் என்னிடம் வாதிட்டார். அவர் சொல்வதில் ஓர் உண்மை இருக்கிறது. எதிரெதிர் நின்று பொருதும் ‘குமித்தே’ நிலைக்கு விரைவின்றிச் சென்றால் மூக்குடையும். அங்கே இரக்கத்திற்கு இடமில்லை. ஆனால் விரைவு என்பது பழக்கத்தின் கனி. அதனை விதையாக ஊன்ற முடியாது. மெதுவாகச் செய்யத் தெரியாத ஒன்றை விரைவாகச் செய்பவன் பிழையை விரைவாகச் செய்கிறான், அவ்வளவே. கடுமை வேண்டும் என்போர் அதனைப் பயிற்சியின் அளவிலே காட்டட்டும். நூறு முறை செய்யச் சொல்லட்டும், அவன் செய்வான். நகைப்பு கடுமையாகாது.

மற்றொரு மறுப்பு பெற்றோரிடமிருந்து வருவது: ‘எல்லார்க்கும் எல்லாம் வருமா? வராததை விட்டு வருவதைச் செய்யட்டுமே.’ கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் வகுப்பை விட்டு நின்ற சிறுவன் வேறு விளையாட்டிற்குச் செல்வதில்லை, கைப்பேசிக்குச் செல்கிறான். யாருக்கு இப்பயிற்சி மிகவும் தேவையோ அவனே முதலில் வெளியேறுகிறான். பள்ளிச் சிறுவருள் நூற்றுக்கு ஐந்து அல்லது ஆறு பேருக்கு உடல் ஒத்திசைவு வளர்வதிலேயே ஒரு குறைபாடு இருப்பதாக மருத்துவ நூல்கள் குறிக்கின்றன. சட்டைப் பொத்தான் இடுவதிலும், காலணிக் கயிறு கட்டுவதிலும், கையெழுத்திலும், மிதிவண்டி ஓட்டுவதிலும் அவர்கள் பின்தங்குவர். அறுபது பேர் கொண்ட வகுப்பில் இத்தகையோர் மூவர் இருக்கலாம். அடி உதையும் ஏச்சுமே அவர்கள் கண்ட மருந்து. அத்தகைய குழந்தையை மருத்துவரிடம் காட்டுவது பெற்றோர் கடன். 2012-இல் வெளியான ஹாங்காங் ஆய்வொன்று, இக்குறைபாடுடைய சிறுவர்க்கு மூன்று திங்கள் டேக்வாண்டோ பயிற்சி நாள்தோறும் அளித்ததில் அவர்களுடைய நிற்கும் சமநிலை மேம்பட்டதைக் கண்டது. நம் வகுப்புகளில் தடுமாறுவோர் வெளியேறுவதும் ஏறத்தாழ மூன்றாம் திங்களில்தான்.

அகவை கடந்துவிட்டது என்று தயங்கும் பெரியோர்க்கும் ஒன்று கூறலாம். 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் கராத்தே முதன்முறையாக இடம்பெற்றது. ஆடவர் கத்தாப் போட்டியில் தங்கம் வென்ற கியூனா ரியோ ஒகினாவாக்காரர், வியப்பில்லை. மகளிர் கத்தாவில் வென்ற ஸ்பெயின் நாட்டுச் சாந்திரா சாஞ்செசுக்கு அப்பொழுது வயது 39. அவர் இளமை முதல் பயின்றவர் என்பது உண்மை; ஆயினும் உடலின் நுண்ணிய ஒத்திசைவு முப்பதுக்குள் முடிந்துபோவதன்று என்பதற்கு அவரே சான்று.

அனைவர்க்கும் உடற்பயிற்சி என்னும் எண்ணம் புதுச்சேரி மண்ணுக்கு அயலானதன்று. 1910 முதல் 1920 வரை இவ்வூரில் தங்கியிருந்த வ.வே.சு. ஐயர் இளைஞர்க்கு உடற்பயிற்சியை வற்புறுத்தினார். 1943 திசம்பர் 2-இல் தொடங்கிய அரவிந்தர் ஆசிரமப் பள்ளியில் உடற்பயிற்சி கல்வியின் பகுதியாகவே வைக்கப்பட்டது. 1949-இல் அதற்கென ஓர் இதழும் வெளிவந்தது. அந்நிறுவனத்தின் கொள்கைகள் அவர்க்குரியன. அவற்றைப் பேசுவது ஈண்டு நம் நோக்கமன்று. ஆனால் ஆண்டுதோறும் திசம்பர் 2-ஆம் நாள் அவர்கள் திடலில் நிகழும் உடற்பயிற்சிக் காட்சியில், வெல்பவர் தோற்பவர் என்னும் கணக்கின்றிப் பெருங்கூட்டமாகச் சிறியோரும் பெரியோரும் பங்கேற்பதைக் காணும்போது, நம் கல்லூரிகளின் விளையாட்டு நாள் நினைவிற்கு வருகிறது. அங்கே முப்பது பேர் ஓடுவர். ஆயிரம் பேர் கைதட்டுவர்.

ஆகவே நம் கல்லூரி நிருவாகத்தார்க்கும் உடற்கல்வித் துறைக்கும் ஒரு வேண்டுகோள். அணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்க்கான பயிற்சி நன்றாகவே நடைபெறுகிறது, அது தொடரட்டும். அதனோடு, எந்த அணியிலும் இடம்பெறாதவர்க்கென்றே ஒரு வகுப்பை வரும் கல்வியாண்டில் தொடங்குக. கராத்தேயாகவும் இருக்கலாம், சிலம்பமாகவும் இருக்கலாம். ஒரு வகுப்பிற்குப் பதினைந்து பேர் போதும். மாணவியர்க்குத் தனி நேரமும், பார்வையாளர் எட்டிப் பாராத ஓர் இடமும் வேண்டும். சிறுவயதில் ஓடியாட விடப்படாத பெண்பிள்ளைகளே இவ்வகைத் தயக்கத்தை மிகுதியாகச் சுமப்பவர்கள். முதலாண்டில் தேர்வும் வேண்டா, மேடைக் காட்சியும் வேண்டா. ஆசிரியப் பெருமக்களும் விரும்பினால் சேரலாம். தமிழ்த்துறையின் சார்பில் இருவர் இப்பொழுதே பெயர் கொடுத்துள்ளோம். எங்களுள் ஒருவருக்கு வலம் எது, இடம் எது என்பதில் இன்றளவும் ஐயம் உண்டு. ஓலைக்கும் சீலைக்கும் அவரே ஏற்பாடு செய்துகொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.